கனடா கண்ட தமிழ்ப் பெண் மைத்ரேயி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

வழக்கமாக இம்மேடையில் இந்நேரத்தில் புலவர் ஒருவர் வந்து குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவார். இவ்வாண்டு வருவதாக இசைந்திருந்த பெரியவர்க்கு உடல்நலம் குன்றியமையால், அவர் இடத்தை நிரப்புமாறு செயலாளர் நம்மைப் பணித்துவிட்டார். நாமோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்; தந்தையார் பணியில் இருக்கும்போதே மறைந்தமையால் கருணை அடிப்படையில் இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தவர். பட்டியல்களில் பெயர் எழுதுவதே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நம் தொழில். எனவே, தெரியாத இலக்கியத்தைப் பேசித் தடுமாறுவதைக் காட்டிலும், தெரிந்த தொழிலாகிய பெயரைப் பற்றியே பேசலாம் என்று துணிந்தோம். அதிலும் ஒரு பெண்ணின் பெயரைப் பற்றி. அவர் கனடா நாட்டுத் திரைப்பட, தொலைக்காட்சி நடிகை மைத்ரேயி ராமகிருஷ்ணன்.

'தமிழ்ச் சங்க மேடையில் நடிகையைப் பற்றிய பேச்சா?' என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் புருவம் நெரிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

நாம் வளர்ந்தது சித்தூரில். சித்தூரில் வளர்ந்தவர்க்கு நடிகர் என்றதும் நினைவுக்கு வருபவர் சித்தூர் வி. நாகையா. அவர் பிறந்தது குண்டூர்ப் பக்கம். ஆயினும், சித்தூர் நாடக மேடையில் பேர் பெற்றமையால் அவ்வூர்ப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது, இறுதிவரை அகலவில்லை. தமிழில் 1941-இல் வெளிவந்த 'அசோக் குமார்', 1945-இல் வெளிவந்த 'மீரா', தெலுங்கில் 1946-இல் வெளிவந்த 'தியாகய்யா' ஆகியவற்றை நம் தந்தையார் தலைமுறையினர் சொல்லிச் சொல்லி மகிழ்வர். 1965-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அப்பெருமகனார் 1973-இல் மறைந்தார். பிறந்த ஊரை விட்டு வந்தவர் ஒருவர், வந்து சேர்ந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்து சென்றார். இன்று நாம் பேசப் புகுந்த பெண்ணின் செய்தி இதற்கு மறுதலையானது. அவர் தம் முன்னோர் இட்ட பெயரைச் சுமந்துகொண்டு புதிய நாட்டின் அரங்கினுள் நுழைந்தவர்.

இடம்பெயர்தல் நமக்குப் புதிதன்று. இங்கு அமர்ந்திருப்போரில் பலர் வேலையின் பொருட்டுத் திருப்பதிக்கும் இரேணிகுண்டாவுக்கும் வந்தவர்கள். சிலர் வீட்டிலோ மனிதர் பெயரவில்லை, எல்லைதான் பெயர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்ததும், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும், சித்தூர் இப்பாலே நின்றதும் நம் பாட்டன்மார் கண்ட நிகழ்ச்சிகள். ஆனால் நாம் ஓர் இரவு வண்டி ஏறினால் விடிவதற்குள் தமிழ்நாட்டில் இறங்கலாம். கனடா சென்ற ஈழத்தமிழர்க்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. 1983-ஆம் ஆண்டு ஆடி மாதக் கலவரத்தின் பின்னர் உயிர் தப்பினால் போதுமென்று நாடு நாடாக ஓடியவர்கள் அவர்கள். 1986 ஆகஸ்டு மாதத்தில் கனடாவின் கீழ்க்கரையாகிய நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால், இரண்டு சிறு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் பனிமூட்டத்தின் நடுவே தத்தளித்துக் கொண்டிருந்தனர். மீன்பிடிக்கச் சென்ற கஸ் டால்டன் என்ற படகுத் தலைவர் அவர்களைக் கண்டு கரை சேர்க்க உதவினார். அந்நாட்டில் தமிழ்க் குடியேற்றத்தின் வரலாற்றைச் சொல்வோர் இந்நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடுவதில்லை. அதன்பின் முப்பது ஆண்டுகளில், 2016-இல், கனடாவின் நாடாளுமன்றம் தைத்திங்கள் பிறக்கும் சனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. படகில் வந்தோர்க்கும் பாராளுமன்றத் தீர்மானத்துக்கும் இடையே எத்தனை பேர் கடைகளிலும் ஆலைகளிலும் இரவு முறை வேலை பார்த்திருப்பர் என்பதை, இரவு முறை வேலை அறிந்த இக்குடியிருப்பினர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வாறு இலங்கையின் போரிலிருந்து ஏதிலியராய்ச் சென்ற தமிழ்ப் பெற்றோர்க்கு மகளாக 2001 டிசம்பர் 28-ஆம் நாள், டொராண்டோ நகரை ஒட்டிய மிசிசாகாவில் பிறந்தவர் மைத்ரேயி. பெயரைக் கவனியுங்கள். பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியரிடம், செல்வம் முழுதும் பெற்றாலும் அதனால் இறவாமை கிட்டுமோ என்று வினவிய பெண்மணியின் பெயர் அது. பனி உறையும் ஊரில் பிறந்த குழந்தைக்கு, அயலார் நாவில் எளிதில் நுழையாத இப்பெயரைச் சூட்டியிருக்கின்றனர்.

அப்பெண் மெடோவேல் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பள்ளி நாடகங்களில் நடித்தார். அதற்கு மேல் அனுபவம் ஏதுமில்லை. திரைத்துறையில் உறவினர் இல்லை, பரிந்துரை இல்லை. 2019-இல் அமெரிக்க நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கேலிங் என்பார், தாம் உருவாக்கும் புதிய தொலைக்காட்சித் தொடருக்குத் தெற்காசியப் பெண் ஒருத்தி தேவை, யாரும் விண்ணப்பிக்கலாம் என்று இணையத்தில் அறிவித்தார். தோழி ஒருத்தி அவ்வறிவிப்பைக் காட்டி ஊக்கினாள். இருவரும் தாயாரின் ஒளிப்படக் கருவியை எடுத்துக்கொண்டு ஊர் நூலகத்துக்குச் சென்று, அங்கே நடித்துப் பதிவு செய்து அனுப்பினர். நூலகத்தில் பேசினாலே 'உஷ்' என்பார்கள். அங்கே எவ்வாறு நடித்தனர் என்பது நமக்கு இன்றளவும் வியப்பே. வந்து குவிந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 15,000. நம் இரயில்வேத் தேர்வுகளுக்கு வரும் விண்ணப்பங்களோடு ஒப்பிட இது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் அங்கே காலியிடம் ஒன்றே ஒன்று. மேலும் சில பதிவுகள் கேட்டனர். பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு நேரில் அழைத்தனர். பதினேழு வயதில், முதல் வேலையிலேயே, ஒரு தொடரின் தலைமைப் பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. யார்க் பல்கலைக் கழகத்தில் நாடகக் கலை பயில இருந்தவர், சேர்க்கையைத் தள்ளி வைத்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் புறப்பட்டார்.

'நெவர் ஹாவ் ஐ எவர்' என்னும் அத்தொடர் 2020 ஏப்ரல் 27-ஆம் நாள் நெட்பிளிக்சில் வெளியாயிற்று. பெருந்தொற்றினால் நம் பயணிகள் வண்டிகள் நின்று, நடைமேடைகள் வெறிச்சோடிக் கிடந்த நாட்கள் அவை. உலகமே வீட்டினுள் அடைபட்டிருந்த வேளையில் அத்தொடர் வீடுதோறும் நுழைந்தது. நான்கு பருவங்கள், பருவத்துக்குப் பத்துப் பகுதிகள். 2023 சூன் மாதத்தில் நிறைவுற்றது.

கதை இதுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தேவி விசுவகுமார் என்னும் தமிழ்ப் பெண். பள்ளி இசை நிகழ்ச்சியில் அவள் ஹார்ப் என்னும் நரம்புக் கருவியை, அதாவது நம் பழைய யாழுக்கு உறவான கருவியை, வாசித்துக் கொண்டிருக்கும்போதே, பார்த்துக்கொண்டிருந்த தந்தை மோகன் மார்படைத்து இறந்துபோகிறார். அதிர்ச்சியில் பெண்ணுக்குச் சிலகாலம் கால்கள் இயங்காமல் போகின்றன. தாய் நளினி தோல்நோய் மருத்துவர்; கண்டிப்பானவர். பூர்ணா ஜகந்நாதன் என்னும் நடிகையார் அப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். தாயும் மகளும் ஒருவர் துயரத்தை ஒருவர் அறியாமல், ஒரே வீட்டில் ஓயாது மோதிக்கொள்வதே தொடரின் உயிர். விநாயகர் பூசைக்குச் சேலை கட்டிக்கொண்டு செல்லும் பெண், அங்கே தான் முழுக்க இந்நாட்டவளும் அல்லள், முழுக்க அந்நாட்டவளும் அல்லள் என்று குமைகிறாள். முதற் பருவத்தின் இறுதியில் தாயும் மகளும் மாலிபு கடற்கரையில் தந்தையின் சாம்பலைக் கரைக்கின்றனர். அக்காட்சியில் மைத்ரேயியின் முகத்தைக் கண்டவர், இவர் புதியவர் என்று சொல்லமாட்டார். பணியில் இருக்கும்போதே தந்தையை இழந்த நமக்கு அவ்விடத்தில் சற்று நேரம் திரை மங்கலாகத் தெரிந்தது. அதைப் பற்றி மேலும் பேசவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறோம். அத்தொடர் முழுவதும் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்கதன்று. காதலும் கட்டுப்பாடற்ற கேளிக்கையும் மிகுதி. சில இடங்களில் நாங்கள் இருவரும் மாறி மாறித் தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு எழுந்து சென்றோம். ஒரே மாலையில் அவ்வளவு தண்ணீர் நாங்கள் எக்காலத்தும் குடித்ததில்லை. தமிழ்க் குடும்பம் என்கிறார்களேயன்றித் தமிழ்ச் சொல் அருகியே கேட்கிறது. இவ்வளவும் உண்மை. ஆயினும், அமெரிக்கத் தொலைக்காட்சியில் தமிழ்ப் பெண் ஒருத்தி தோழியாகவோ வேடிக்கைப் பாத்திரமாகவோ ஓரத்தில் நில்லாமல், கோபம் கொண்டு, பொய் சொல்லி, அழுது, மன்னிப்புக் கேட்டு, கதையின் நடுவில் நின்றது பெரிய மாற்றம் என்பதே நம் கருத்து.

இனி, பெயருக்கு வருவோம். தொடரைப் படைத்த மிண்டி கேலிங் யார்? 1979-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தவர். தாயார் வங்காளி, தந்தையார் தமிழர். தந்தையின் பெயர் சொக்கலிங்கம். மதுரையில் மீனாட்சியம்மையோடு வீற்றிருக்கும் சொக்கநாதரின் பெயர்! மிண்டி சொக்கலிங்கமாகத்தான் அவர் வளர்ந்தார். இளமையில் மேடைகளில் நகைச்சுவை பேசச் சென்றபோது, அறிவிப்பாளர்கள் அப்பெயரைச் சொல்ல இயலாமல் இடறினர். அதை வைத்தே கேலியும் செய்தனர். ஆகவே சொக்கலிங்கத்தில் முன்னும் பின்னும் நறுக்கி, நடுவிலிருந்த 'கலிங்' என்பதை எடுத்துக் 'கேலிங்' என்று அமைத்துக்கொண்டார். இதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. கதவு குறுகலாக இருந்தது. அவர் குனிந்து நுழைந்தார். நுழைந்தவர் உள்ளிருந்து கதவை அகலத் திறந்துவிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஏனெனில், அக்கதவின் வழியாக இருபது ஆண்டுகளுக்குள் வந்த இளம்பெண்ணின் பெயர், எவ்வெழுத்தும் குறையாமல், மைத்ரேயி ராமகிருஷ்ணன் என்று திரையில் எழுந்தது. அதைப் பிழையாக ஒலிப்போரை அவர் பொதுவெளியில் திருத்தவும் தயங்குவதில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

எங்கள் மகளுக்குக் கயல்விழி என்று பெயரிட்டோம். தாயார் தேர்ந்த பெயர். தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு கயல்விழி இருப்பாள். இங்கே அப்பெயர் பட்ட பாடு பெரிது. இன்றைய தெலுங்கு எழுத்தில் ழகரம் இல்லை. ஆங்கிலத்தில் 'இசட்', 'எச்' இரண்டையும் சேர்த்து எழுதினால், இங்குள்ளோர் அதைக் 'காயல்விஜி' என்றே படிப்பர். தெலுங்கில் 'காயலு' என்றால் காய்கள். உடன் பயின்ற பிள்ளைகள் அவளைக் 'காயலு, காயலு' என்று கூவி அழைத்தனர். சில நாள் அழுதுகொண்டு வந்தாள். பின்னர் அழுவதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் நேரத்தில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கிருந்த எழுத்தர், இப்பெயரால் எப்போதும் பிழை வருகிறது, சான்றிதழில் தவறு நேர்ந்தால் பின்னர் அலைச்சல், 'விஜி' என்று போட்டுவிட்டால் யார்க்கும் தொல்லையில்லை என்றார். அவர் தீய மனிதர் அல்லர். அவரும் எழுத்தர், நாமும் எழுத்தர். பட்டியல் எழுதுவோரின் தொல்லை பட்டியல் எழுதுவோர்க்குத் தெரியும். ஓர் எழுத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்திட்டோம். இரண்டு மணித்துளிகூட ஆகவில்லை. மகள் அருகிலேயே நின்றாள், ஒன்றும் பேசவில்லை.

கடந்த கோடை விடுமுறையில் அத்தொடரை அவள்தான் எங்களுக்குக் காட்டினாள். மைத்ரேயி தேர்வு பெற்றபோது இருந்த வயதுதான் இப்போது அவளுக்கும். கேலிங் அம்மையாரின் பெயர்க் கதையையும் அவளே சொன்னாள். சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்து, "அந்த அம்மா தன் பெயரைத் தானே சுருக்கிக்கொண்டார் அப்பா. என் பெயரைச் சுருக்கியது யார்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் ஐயம் கேட்பதுபோல் கேட்டாள். தாயார் நம்மைப் பார்த்தார். நாம் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தோம்.

அன்று தொடங்கியது அலைச்சல். பிறப்புச் சான்றிலும் இரயில்வேப் பயணச்சீட்டு அட்டையிலும் கயல்விழி. பள்ளிச் சான்றிதழில் விஜி. இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம். நாளிதழில் விளம்பரம் கொடுத்தோம். அரசிதழில் வெளியிட விண்ணப்பித்தோம். ஓர் அலுவலகத்தில் சாளரத்துக்கு அப்பால் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, ஓர் எழுத்துக்காக இத்தனை பாடா என்றார். சாளரத்துக்கு இப்பால் நின்று அச்சொல்லைக் கேட்டபோதுதான், நாம் அன்று அதைச் சொன்னது அப்பிள்ளையின் காதில் எவ்வாறு விழுந்திருக்கும் என்பது விளங்கிற்று. விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை.

நிற்க. மைத்ரேயியின் பிற்காலப் பணிகளையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. 2022-இல் பிக்சார் நிறுவனத்தார் வெளியிட்ட 'டர்னிங் ரெட்' என்னும் சித்திரப்படத்தில் பிரியா என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். 2002-ஆம் ஆண்டின் டொராண்டோ நகரில் நிகழும் கதை அது. பெண்களை வைத்திருப்போர் அச்சமின்றிக் கூட இருந்து பார்க்கலாம். தண்ணீர் குடிக்க எழ வேண்டியதில்லை. 'மை லிட்டில் போனி' சித்திரத் தொடரிலும் அவர் குரல் உண்டு. 2025-இல் 'பிரீக்கியர் பிரைடே' என்னும் படத்தில் எல்லா என்ற பாடகியாக வந்தார். அவ்வாண்டில் விழா கண்ட மற்றொரு படம் 'ஸ்லாண்டட்'. சீன வழிப் பெண் ஒருத்தி, பள்ளியில் மற்றவர்போல் ஆகவேண்டும் என்று ஏங்கி, அறுவை மருத்துவத்தால் வெள்ளையர் முகத்தையே பெற்றுக்கொள்ளும் கதை அது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடைபெறும் பெயர்பெற்ற திரைவிழாவில் நடுவர்களின் முதற்பரிசை அது வென்றது. அப்பெண்ணின் தோழியாக, தன் முகத்தை மாற்றிக்கொள்ளாத தோழியாக, மைத்ரேயி நடித்திருக்கிறார். யார்க் பல்கலைக் கழகத் தொடர்பையும் அவர் அறுத்துக்கொள்ளவில்லை. நாடகத்துக்கு மாறாக மனித உரிமை, சமத்துவம் பற்றிய கல்வியைத் தேர்ந்தார் என்பது எங்கள் மகளுக்கு நடிப்பைவிட மிகுந்த வியப்பைத் தந்தது. நடிகைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்போர்க்கும், படிக்கும் பெண்ணுக்கு நடிப்பு எதற்கு என்று கேட்போர்க்கும் அவள் இதையே எடுத்துக் காட்டுகிறாள். இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் வேறு யாருமல்லர், நாமே.

ஏனெனில் இன்றிரவு இம்மேடையில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் நடிக்கும் நாடகத்தில் அவளுக்கும் ஒரு வேடம் உண்டு. முதலில் வேண்டாம் என்றோம். தேர்வு நெருங்குகிறது என்றோம். பின்னர் இசைந்தோம். உங்கள் கையிலுள்ள நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் நடிகர் பட்டியல் இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் அதைத் தட்டெழுதியவர் நாம். நான்காவது பெயரை ஒருமுறை எழுதி, மும்முறை சரிபார்த்தோம்.

மணி அடிக்கிறார்கள். நாடகத்துக்கு நேரமாயிற்று. நடிகர் பெயர்களை ஒலிபெருக்கியில் அறிவிக்கவிருக்கும் தம்பி தெலுங்கு வீட்டுப் பிள்ளை. நம் சங்க வகுப்பில் தமிழ் கற்றவர். மாலையில் திரைக்குப் பின்னால் அந்த நான்காவது பெயரைச் சொல்லிப் பார்த்தார். முதன்முறை 'விளி' என்றார். மறுமுறை 'விலி' என்றார். மகளே நாவை எங்கே மடக்கவேண்டும் என்று காட்டினாள். மூன்றாம் முறை வந்துவிட்டது.